பிணந்தின்னிக்கு ஒரு சார்ட்டு

பெங்களூர் வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. எங்க அபார்ட்மென்ட்டில் யாரைக் கேட்டாலும், மொட்டை மாடிக்கு மேலே வட்டம் போட்டுக்கொண்டிருக்கும் பறவையைக் கழுகு என்றுதான் சொல்வார்கள். அது பருந்து. குப்பை லாரி எங்கே போகிறதோ அங்கே போகும், மீன் மார்க்கெட் பின்னாடி நிற்கும், கறிக்கடை வாசலில் தூக்கிப்போடுகிற துண்டைக் கீழே விழுமுன் பிடிக்கும். இந்த ஊர் குப்பையை வைத்துச் செழிப்பாக இருக்கிற ஒரே ஜீவன் அதுதான் :-)

இந்தப் பருந்து வேறு, கழுகு வேறு, பிணந்தின்னிக் கழுகு வேறு என்று எங்கள் வீட்டில் இப்போது ஒரு வாண்டு பாடம் எடுக்கிறது. எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் 'அழிந்துவரும் ஆப்பிரிக்க விலங்குகள்' என்று ஆளுக்கொரு சார்ட்டு செய்யச் சொன்னார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் ஒருத்திக்குக் காண்டாமிருகம், ஒருத்திக்குச் சிறுத்தை, பக்கத்து பிளாக் பையனுக்கு யானை. நம்மாளுக்கு வந்தது பிணந்தின்னி. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, "அப்பா, எனக்கு மட்டும் ஏம்ப்பா இந்த அசிங்கம்?" என்றாள்.

பேர் அப்படி. பழைய தமிழில் இதற்குப் பாறு என்று சின்னதாக, அழகாக ஒரு சொல் இருந்திருக்கிறது. போர்க்களத்தைப் பாடும் சங்கப் பாட்டுகளில் பருந்து தனி, எருவை தனி, பாறு தனி. அப்புறம் எப்போதோ நாம் எல்லாவற்றையும் கழுகு என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டு, இதற்கு மட்டும் திட்டு மாதிரி ஒரு பெயர் வைத்துவிட்டோம். கோயம்புத்தூர் அருளகம் அமைப்பினர் பாறு என்ற சொல்லைத் திரும்பப் புழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நானும் இனி அப்படியே எழுதுகிறேன். கன்னடத்தில் ரணஹத்து. ஹத்து என்றால் பருந்து, ரணம் என்றால் போர். இவர்களும் போர்க்களத்தில்தான் பார்த்திருக்கிறார்கள் போல.

சரி, சார்ட்டுக்கு வருவோம். ரெண்டு ஞாயிற்றுக்கிழமை அவளோடு உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க எனக்கே ஆச்சரியம்.

1973 நவம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவில் அபிஜான் நகரத்துக்கு மேலே ஒரு விமானத்தில் பறவை மோதியிருக்கிறது. விமானம் பறந்த உயரம் 37,000 அடி. கிடைத்த இறகுகளை வைத்துப் பார்த்தால் அது ரூப்பெல் பாறு. நாம் துபாய்க்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் போகும்போது, வெளியே மைனஸ் ஐம்பது டிகிரி என்று திரையில் காட்டுவார்களே, அந்த உயரம். அங்கே ஒரு பறவை சும்மா சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. இதைச் சொன்னதும்தான் மேடத்தின் முகம் கொஞ்சம் இறங்கிவந்தது.

செரெங்கெட்டி புல்வெளியில் இறந்துபோகும் விலங்குகளின் இறைச்சியில், சிங்கம், கழுதைப்புலி, சிறுத்தை எல்லாம் சேர்ந்து தின்பதைவிட இந்தப் பறவைகள் தின்பது அதிகம் என்று அங்கே பல வருஷம் ஆராய்ச்சி செய்தவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். டிவியில் பார்த்தால் சிங்கம் வேட்டையாடும், மற்றதெல்லாம் மிச்சம் மீதி பொறுக்கும் என்றுதானே தோன்றுகிறது? நிஜத்தில் அங்கே பெரும்பாலான விலங்குகள் நோயிலும் வறட்சியிலும் தானாகவே சாகின்றன. லட்சக்கணக்கான காட்டு மாடுகள் ஊர்வலம் போகிற இடத்தில், அந்தச் சாவையெல்லாம் யார் துப்புரவு செய்வது? வானத்திலிருந்து பார்த்து, ஒன்று இறங்கினால் அதைப் பார்த்து இன்னொன்று இறங்கி, அரை மணி நேரத்தில் எலும்பை மட்டும் விட்டுவைக்கும் இவைதான்.

அவற்றின் வயிற்று அமிலம் அவ்வளவு கடுமையானது. அடைப்பான் நோயில் செத்த மாட்டைத் தின்றாலும் ஒன்றும் ஆகாது, கிருமி அங்கேயே செத்துவிடும். தலையிலும் கழுத்திலும் முடி இல்லாமல் இருக்கிறதே, அதுவும் தொழிலுக்கு ஏற்ற வசதிதான். உடம்புக்குள் தலையை விட்டுத் தின்றுவிட்டு வந்தால் ஒட்டாது, வெயிலில் காய்ந்துவிடும். "அப்போ அது அசிங்கம் இல்ல, யூனிஃபார்ம்" என்றாள். நானே இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

கென்யாவில் டார்சி ஒகாடா என்பவரும் கூட்டாளிகளும் செய்த ஓர் ஆய்வு 2012-ல் வெளிவந்தது. செத்த ஆடுகளைப் போட்டுவைத்து, பாறுகள் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று பார்த்தார்கள். பாறு வராத இடத்தில் உடல் மக்க ஏறக்குறைய மூன்று மடங்கு காலம் ஆனது. அதைவிட முக்கியம், அங்கே வந்த நரி, கழுதைப்புலி போன்றவற்றின் எண்ணிக்கையும் மூன்று மடங்கு. அத்தனையும் ஒரே பிணத்தைச் சுற்றி ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். ஒன்றுக்கு நோய் இருந்தால் மற்றதுக்கும் வரும்.

இப்படிப்பட்ட பறவையை ஆப்பிரிக்காவில் என்ன செய்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தந்தத்துக்காக யானையைக் கொல்பவனுக்குப் பெரிய தொல்லை பாறுதான். யானை விழுந்த கொஞ்ச நேரத்தில் மேலே நூறு பறவை வட்டமிட்டால், காவலர்கள் அதைப் பார்த்தே வண்டியைத் திருப்பிவிடுவார்கள். அதனால் யானையின் உடலிலேயே விஷத்தைத் தடவிவிட்டுப் போகிறார்கள். அடுத்த தடவை காட்டிக்கொடுக்க ஆள் இருக்கக் கூடாதாம். 2019 ஜூனில் போட்ஸ்வானாவில் மூன்று யானை உடல்களைச் சுற்றி 537 பாறுகள் செத்துக் கிடந்தன. மூன்று யானை, 537 பறவை.

இன்னொரு பக்கம் மாடு மேய்ப்பவர்கள். மாட்டை அடித்த சிங்கத்தைப் பழிவாங்க, மிச்சமிருக்கும் மாட்டின் மேல் கார்போஃபியூரான் போடுவார்கள். நம்மூரில் நெல் வயலுக்குப் போடுகிற குருணை மருந்து ஞாபகம் இருக்கிறதா, அதே சரக்கு. சிங்கம் திரும்பி வருவதற்குள் பாறு வந்துவிடும். அப்புறம் மந்திர தந்திரம். பாறுவின் தலையை வைத்திருந்தால் வருங்காலம் தெரியும், லாட்டரி அடிக்கும் என்று ஒரு நம்பிக்கை. எங்கோ செத்த மாட்டை இது எப்படியோ தெரிந்துகொண்டு வருகிறதே, அதனால் அதற்கு ஞானக்கண் உண்டாம். 2015-ல் வெளியான ஒரு கணக்கெடுப்பில் ஆப்பிரிக்கப் பாறுகளில் எட்டு இனங்கள் முப்பது வருஷத்தில் சராசரியாக 62 சதவீதம் குறைந்திருந்தன. காரணம் தெரிந்த சாவுகளில் 61 சதவீதம் விஷம், 29 சதவீதம் இந்த மருந்து மாந்திரீக வியாபாரம். அதே வருஷம் நான்கு இனங்களை, முற்றாக அழியும் விளிம்பில் இருப்பவை என்ற கடைசிப் படிக்குத் தள்ளினார்கள். அந்தக் கட்டத்துக்கு அப்புறம் இருப்பது மியூசியம்தான்.

சார்ட்டுக்குப் படம் ஒட்டும்போதுதான் கதை வேறு பக்கம் திரும்பியது. வெள்ளை உடம்பு, மஞ்சள் மூஞ்சி, இறக்கை ஓரம் கறுப்பு, தலையில் கலைந்த முடி மாதிரி இறகு. மஞ்சள்முகப் பாறு. இங்கிலீஷில் எகிப்துப் பாறு என்பார்கள். எகிப்தியர்கள் பட எழுத்து எழுதினார்களே, அதில் இந்தப் பறவையே ஓர் எழுத்து. ஆப்பிரிக்காவில் இது நெருப்புக்கோழி முட்டையைக் கல்லால் அடித்து உடைக்கும். அலகில் கல்லை எடுத்து, தலையைத் தூக்கி, ஓங்கிப் போடும். ஜேன் குடால் தம்பதியர் இதைப் பார்த்து 1966-ல் எழுதிய பிறகுதான், பறவைக்கும் கருவி பயன்படுத்தத் தெரியும் என்பதை உலகம் உட்கார்ந்து கவனித்தது.

எங்கம்மா இட்லிக்கு அரிசி களைந்துகொண்டே எட்டிப் பார்த்தார்கள். "இது நம்ம திருக்கழுக்குன்றத்துக் கழுகாச்சே. இதப் போயி ஆப்பிரிக்கான்றியே?"

அம்மாவுக்குப் பிறந்த ஊர் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துக் கிராமம். செங்கல்பட்டுப் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கதையைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: மலைமேல் வேதகிரீஸ்வரர். ஐந்நூறுக்கும் மேலே படி. உச்சிக்காலத்தில் பண்டாரம் சர்க்கரைப் பொங்கலைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு பாறைமேல் உட்காருவார். எங்கிருந்தோ ரெண்டு வெள்ளைக் கழுகு வரும். பொங்கலைத் தின்னும், கிண்ணத்தில் அலகைத் துடைக்கும், போய்விடும். காலையில் காசியில் குளித்துவிட்டு, மத்தியானம் இங்கே சாப்பிட்டுவிட்டு, ராத்திரி சிதம்பரத்தில் தங்கும் என்று ஐதீகம். அதைப் பார்க்கவே பஸ் பஸ்ஸாக ஜனம் வரும். வராத நாளில் கூட்டத்தில் யாரோ பாவி இருக்கிறான் என்று பேசிக்கொள்வார்கள். நானும் சின்ன வயசில் மாமா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எனக்கு ஞாபகம் இருப்பது பறவை இல்லை, சுடும் பாறையும் மாமாவின் தலையில் இருந்த விளக்கெண்ணெய் வாசனையும்தான்.

1990-களின் கடைசியில் வருவது நின்றுபோனது. இந்தியா முழுக்கவே அந்தச் சமயத்தில் இந்த இனம் வேகமாகக் குறைந்தது. 2007-ல் உலக அளவிலேயே ஆபத்தில் இருக்கும் இனம் என்று அறிவித்தார்கள். பேத்திக்கு அம்மா இதையெல்லாம் சொல்லச் சொல்ல, அவள் கேட்டது ஒரே கேள்விதான். "ஆயா, அது வரலன்னதும் யாருமே போயி தேடலியா?"

"கலிகாலம் முத்திடுச்சு, அதான் வரலன்னு சொன்னாங்க. நாங்களும் அதான் நெனச்சோம்" என்றார்கள் அம்மா.

கலிகாலத்துக்கு ஒரு கெமிக்கல் பெயர் இருந்தது. டைக்ளோஃபெனாக். நமக்கு முதுகுவலி, மூட்டுவலி என்றால் டாக்டர் எழுதித் தருவாரே, அதே வலி மருந்து. 1990-களில் விலை மலிந்ததும் மாட்டுக்கும் போட ஆரம்பித்தார்கள். மாட்டுக்கு நல்ல மருந்துதான், வலி போகும், எழுந்து நிற்கும். ஆனால் ஊசி போட்ட சில நாளுக்குள் அந்த மாடு செத்து, அதைப் பாறு தின்றால், பாறுவின் சிறுநீரகம் நின்றுவிடும். யூரிக் அமிலம் வெளியேற முடியாமல் ஈரல், குடல் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசினது மாதிரி படியும். கழுத்து தொங்கிப்போய் மரத்திலேயே உட்கார்ந்திருந்து கீழே விழும்.

ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் பாறு குறைவதை விபு பிரகாஷ் என்ற பறவை ஆய்வாளர்தான் முதலில் பதிவு செய்தார். ஏதோ வைரஸ் என்றே முதலில் தேடிக்கொண்டிருந்தார்கள். பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையில் ஒரு குழு இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்து, மருந்துதான் காரணம் என்று 2004-ல் நிரூபித்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 1992-க்கும் 2007-க்கும் நடுவில் வெண்முதுகுப் பாறு இந்தியாவில் 99.9 சதவீதம் போய்விட்டது. ஆயிரத்துக்கு ஒன்று மிச்சம். இத்தனைக்கும் நூறு மாட்டுப் பிணத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே இவ்வளவு அழிவுக்குப் போதுமாம். ஒரு மாட்டைத் தின்ன ஒரு கூட்டமே வருமில்லையா.

2006-ல் இந்தியா கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. உடனே மனுஷனுக்கான பெரிய புட்டியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல் அந்தப் பெரிய புட்டியையும் நிறுத்தி, ஒரு ஆளுக்கு ஒரு வேளை மருந்து மட்டும் என்று சின்னதாக்கினார்கள். 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ரெண்டையும் கால்நடைக்குத் தடை செய்தார்கள். மெலாக்சிகம் என்ற மருந்து பாறுவுக்கு ஒன்றும் செய்யாது என்று சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அதுவும் சாதாரண மருந்துக் கடையில் கிடைக்கிறது. அதாவது தீர்வு கையில் இருக்கிற பிரச்சினை இது. அதுதான் எனக்கு எரிச்சல்.

பாறு போனதால் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. செத்த மாடு ஊருக்கு வெளியே கிடந்தது. நாய்க்கு விருந்து. நாய் பெருகியது. தண்ணீரும் கெட்டது. எயால் ஃபிராங்க், அனந்த் சுதர்ஷன் என்ற ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள், பாறு முன்பு நிறைய இருந்த மாவட்டங்களையும் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு 2024-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2000-லிருந்து 2005 வரை மட்டும் கூடுதலாகச் செத்த மனிதர்கள் ஐந்து லட்சம் பேர் அளவில் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. எங்க ஆபீஸில் கூட வேலை செய்யும் நண்பரின் பையனை நாய் கடித்து, ராத்திரி பதினோரு மணிக்கு வெறிநாய்க்கடி ஊசி தேடி நாங்கள் நாலு பேர் நாலு பக்கம் பைக்கில் ஓடியது எனக்கு ஞாபகம் வந்தது. அந்த நாய்க்கும் பாறுவுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பெங்களூர் நாய்க்குப் பெங்களூர் குப்பையே போதும். ஆனால் அந்த ராத்திரி அவன் அம்மா முகம் எப்படி இருந்தது என்று தெரியும். அதை ஐந்து லட்சத்தால் பெருக்கிப் பார்க்க எனக்கு முடியவில்லை.

நிஜப் பாறுவைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மேடம் அடம். பக்கத்திலேயே ராமநகரா இருக்கிறதே, மைசூர் ரோட்டில் ஐம்பது கிலோமீட்டர். புது எக்ஸ்பிரஸ்வே ஊரைத் தொடாமல் போகிறது, நாங்கள் பழைய ரோட்டில் போனோம், பட்டுக்கூடு சந்தையைத் தாண்டி. ஷோலே படம் எடுத்த பாறைகள். கப்பர் சிங் உட்கார்ந்து "கித்னே ஆத்மி தே" கேட்ட இடம் என்று சொன்னால் என் மகளுக்குப் புரியவில்லை. தலைமுறை மாறிவிட்டது, என்ன செய்ய. அங்கே ராமதேவர பெட்டா என்ற மலையைச் சுற்றி 346 ஹெக்டேரை 2012-ல் கர்நாடக அரசு பாறுகளுக்கான சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல். கருங்கழுத்துப் பாறு இனம் செங்குத்துப் பாறையின் விளிம்பில்தான் கூடு கட்டும். வருஷத்துக்கு ஒரே முட்டை. குஞ்சு வளர்ந்து அது முட்டை போட ஐந்து வருஷம் போல ஆகும். ஆயிரம் போன இடத்தில் பத்தாவது வர எத்தனை வருஷம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி ஏறி, ராமர் கோயிலில் கும்பிட்டு, பாறையைப் பார்த்துக்கொண்டே ரெண்டு மணி நேரம். பாறை முகத்தில் எச்சம் வழிந்த வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. கீழே கொஞ்சம் பருந்து. பாறு ஒன்றும் வரவில்லை. காவலுக்கு இருந்தவர், "பெளிகே பந்திரெ காணுத்தித்து சார்" என்றார். காலையில் வந்திருந்தால் தெரிந்திருக்குமாம். எல்லாச் சரணாலயத்திலும் இதையேதான் சொல்கிறார்கள் :-) அம்மாவுக்கு மட்டும் பரம திருப்தி. ஜடாயுவுக்காக ஈமக்கடன் செய்தவன் ராமன், அவன் மலையிலேயே அதுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று. எங்க பக்கம் வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் புள்ளிருக்குவேளூர் என்று பேர், அந்தப் 'புள்' ஜடாயுதான் என்று இறங்குகிற வழியெல்லாம் பேத்திக்குக் கதை.

இதெல்லாம் படித்துப் பார்த்துக்கொண்டிருந்த வாரத்திலேயே ஊரிலிருந்து மாமா போன். அம்மாவின் தம்பி. நாலு மாடு வைத்திருக்கிறார், அதில் ஒன்று கலப்பினப் பசு, வேளைக்கு ஆறு லிட்டர் கறக்கும். கொட்டகையில் வழுக்கி விழுந்து பின்னங்கால் வீங்கி, ரெண்டு நாளாகப் படுத்தே கிடக்கிறது. ஊரில் ஊசி போடும் ஆள் ஒருத்தர் வருவார். டாக்டர் இல்லை, கைராசி. மெடிக்கலில் மனுஷ ஊசி நாலைந்து வாங்கி வா, ஒடைத்து ஒன்றாகப் போட்டுவிடலாம் என்றாராம். பேர் என்ன மாமா என்றேன். படித்துச் சொன்னார். அதேதான்.

நான் பத்து நிமிஷம் பேசினேன். ரெண்டு வாரமாக மண்டையில் இருந்ததெல்லாம் கொட்டினேன். மாமா பொறுமையாகக் கேட்டார். அப்புறம் கேட்டார்.

"மாப்ள, நீ சொல்றதெல்லாம் சரி. இங்க எங்கடா கழுகு இருக்கு? கடைசியா நான் பாத்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. மாடு பொழச்சா பால் கறப்பேன். செத்தா ஜேசிபி வெச்சு குழி தோண்டிப் பொதைப்பேன். யாரு வந்து திங்கப் போறான்? இல்லாத பறவைக்காக இருக்கிற மாட்டுக்கு மருந்து போட வேணாம்ன்றியா?"

எனக்குப் பதில் வரவில்லை. உண்மையில் அவர் சொன்னதில் தப்பே இல்லை. புதைக்கிற மாட்டால் எந்தப் பாறுவுக்கும் கெடுதல் இல்லை. செங்கல்பட்டுப் பக்கத்தில் அவர் என்ன ஊசி போட்டாலும் நீலகிரிப் பறவைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. படிக்கும்போது எல்லாம் சுலபமாக இருக்கிறது. எழுபதாயிரம் ரூபாய் மாடு கீழே கிடக்க, லோன் தவணை நிற்க, ஒரு மனுஷன் நேராகக் கேட்கும்போது ஆப்பிரிக்கப் புள்ளிவிவரம் உதவாது. வேறு மருந்தும் இருக்கு மாமா, அதுவும் வலிக்குத்தான், சட்டப்படி இதை மாட்டுக்குப் போடவே கூடாது என்றேன். சட்டம் என்றதும் மாமா சிரித்தார்.

அம்மா போனை வாங்கினார்கள். "டேய், நம்ம ஊர்ல வெச்ச பொங்கலத் தின்னுட்டு வாழ்த்திட்டுப் போன பறவைடா அது. அதுக்கு ஆவாத மருந்த நம்ம வீட்ல போடாத. அவ்ளோதான் சொல்வேன்." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. "சரிக்கா. கவுருமென்ட்டு டாக்டர வரச் சொல்றேன்" என்றார்.

டாக்டர் மறுநாள் மத்தியானம்தான் வந்தார். அந்த ஒரு ராத்திரி நாங்கள் இங்கே சரியாகத் தூங்கவில்லை. மாடு போய்விட்டால் மாமா முகத்தில் எப்படி முழிப்பது? மெலாக்சிகம் ஊசி மூன்று நாள், வீக்கத்துக்குப் பற்று, அடியில் மணலும் வைக்கோலும். நாலாவது நாள் எழுந்து நின்றது. மாமா வாட்ஸப்பில் படம் அனுப்பி, கீழே குரலில் சொன்னார்: "கழுகு வந்தா ஒனக்குச் சொல்லி அனுப்புறேன் மாப்ள." கிண்டலா நிஜமா என்று இன்னும் எனக்குத் தெரியாது. டாக்டர் எழுதிக் கொடுத்த பேரைக் கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்திருக்கிறார், அது மட்டும் அடுத்த படத்தில் தெரிந்தது.

இருக்கிற பறவையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாம் எல்லாரும் வருஷத்துக்கு ஒருமுறையாவது போகிற வழிதான் அது. மைசூர், குண்டல்பேட்டை, பந்திப்பூர், முதுமலை, மசினகுடி, ஊட்டி. மசினகுடிக்குக் கீழே சீகூர் சமவெளி, அதை ஒட்டி மாயாறு ஓடும் பள்ளத்தாக்கு. தென்னிந்தியாவில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற முக்கியமான இடம் அதுதான். ஆற்றங்கரை நீர்மருது மரத்தின் உச்சியில் கட்டும். சுற்றிலும் புலியும் செந்நாயும் அடித்துப் போடும் மானும் காட்டெருமையும் இருப்பதால், ஊசி போட்ட மாட்டை நம்பி வாழ வேண்டியதில்லை. காட்டை ஒட்டின ஊர்களிலும் மருந்துக் கடைகளிலும் அருளகம் பாரதிதாசனும் அவர் குழுவும் வருஷக்கணக்கில் ஏறி இறங்கிப் பேசியிருக்கிறார்கள். 2022-ல் தமிழ்நாடு அரசு பாறுகளுக்கென்றே மாநிலக் குழு ஒன்றையும் போட்டது. 2023 பிப்ரவரியில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில் எண்ணியபோது 246. அதே வருஷம் டிசம்பர் கடைசியில் இன்னும் கூடுதல் இடங்களில் எண்ணியபோது 320.

டிசம்பர் லீவில் நாங்கள் போகிறோம். நீங்களும் அந்த வழியில் போனால் ஒரு விஷயம். பந்திப்பூர், முதுமலைக் காட்டுக்குள் வண்டியை நிறுத்தாதீர்கள், நிறுத்தவும் விட மாட்டார்கள். ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை பந்திப்பூர் கேட்டு மூடியிருக்கும், அதற்கேற்ற மாதிரி கிளம்புங்கள். மசினகுடியில் டீ குடிக்க இறங்கும்போது, பத்து பதினோரு மணி வெயிலுக்கு மேலே பாருங்கள். காற்று சூடானபிறகுதான் அவை ஏறும். வால் பிளந்து, அடிக்கடி திருப்பிக்கொண்டு பறந்தால் அது நம்ம பெங்களூர் பருந்து. வால் குட்டையாக, இறக்கை பலகை மாதிரி அகலமாக, அடிக்காமலே சுற்றிச் சுற்றி மேலே போனால், இறக்கையின் அடிப்பக்கம் முன் பாதி வெள்ளையாகவும் பின் பாதி கறுப்பாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெண்முதுகுப் பாறு.